அழுகுணி ஆட்டத்தின் பொருளாதாரம்

கடந்த கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து வந்திருந்த என் பேரன், ஒன்பதாம் வகுப்பு முடித்தவன், ஒருநாள் மாலை கைப்பேசியை மேசை மீது வைத்துவிட்டு என்னிடம் வந்தான். "தாத்தா, மாசம் முந்நூறு ரூபாய்தான். ஒரு பாட் வாங்கித் தர்றீங்களா?" என்றான். பாட் என்றால் என்னவென்று கேட்டேன். தனக்குப் பதிலாக விளையாட்டில் குறிபார்த்துச் சுடும் மென்பொருள் என்று விளக்கினான். அது ஏமாற்று அல்லவா என்றேன். "எல்லாரும் வெச்சிருக்காங்க தாத்தா. கம்பெனிக்கும் தெரியும். யாரும் பிடிக்கறதில்ல. நான் மட்டும் தினம் தோத்துக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டான்.

முப்பதாண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். பேரனின் கடைசிக் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. தெருவில் விளையாடிய எங்கள் தலைமுறைக்கு அழுகுணி ஆட்டம் புதிதன்று. கோலி குண்டை நகர்த்துபவனும், ஆட்டமிழந்த பின் மட்டையைக் கீழே வைக்க மறுப்பவனும் எல்லாத் தெருவிலும் உண்டு. ஆனால், மறுநாள் அவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்த அச்சமே நடுவராக இருந்தது. இணைய விளையாட்டில் அந்த நடுவர் எங்கே போனார்? பல கோடி ரூபாய் வருவாய் ஈட்டும் நிறுவனங்களுக்கு அழுகுணி ஆட்டத்தைத் தடுக்க இயலவில்லையா, அல்லது தடுப்பதில் அக்கறையில்லையா? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றதில் எனக்குக் கிடைத்த புரிதலே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தெளிவு. இணைய விளையாட்டில் பாட் இரு வகைப்படும். ஒன்று, விளையாடுபவர் தம் பங்குக்குக் கள்ளத்தனமாக இறக்குவது. மற்றொன்று, நிறுவனமே இறக்குவது. ஆட்டத்துக்குப் போதிய ஆட்கள் இல்லாதபோதோ, புதிதாக வருபவர் தொடர்ந்து தோற்று மனம் தளராமல் இருக்கவோ, மனிதரைப் போன்ற பெயர் சூட்டிய பாட்களைக் களத்தில் விடுவது பல கைப்பேசி விளையாட்டுகளில் வழக்கம். முதல் வகையை ஒழிக்க வேண்டிய காவலர், இரண்டாம் வகையைத் தாமே வளர்ப்பவராகவும் இருக்கிறார். சிக்கலின் முதல் முடிச்சு இதுதான்.

இந்தப் பொருளில் உலகம் அறிந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' என்னும் விளையாட்டு. பொருளியல் மாணவர்களுக்கு இதில் தனி ஆர்வம் இருக்கக் காரணம் உண்டு. பின்னாளில், 2015-இல், கிரேக்க நாட்டின் நிதியமைச்சராகிக் கடன் நெருக்கடியின்போது ஐரோப்பிய ஒன்றியத்துடன் மல்லுக்கு நின்ற யானிஸ் வரூஃபாகிஸ், 2012-இல் இந்த நிறுவனத்தில்தான் பொருளியல் வல்லுநராகப் பணியாற்றினார். விளையாட்டில் கிடைக்கும் தொப்பிகளையும் ஆயுதங்களையும் ஆட்டக்காரர்கள் தமக்குள் பண்டமாற்று செய்துகொள்வதையும், அந்தச் சந்தையில் விலைகள் உருவாகும் விதத்தையும் அவர் ஆராய்ந்தார். பெட்டிகளைத் திறக்கும் சாவிகள் அங்கே நாணயம் போலவே புழங்கின. ஆக, பொம்மை உலகம் என்று நாம் ஒதுக்குவது, பணமும் சந்தையும் உள்ள மெய்யான பொருளாதாரமே.

2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்த விளையாட்டு இலவசமாக்கப்பட்டது. வருவாய் பொருள் விற்பனையிலிருந்து வந்தது. ஆட்டக்காரர் ஒருவர் மற்றொருவருக்கு நிறுவனத்தின் சந்தை வழியே பொருளை விற்றால், அதில் சுமார் 15 சதவீதம் கட்டணமாக நிறுவனத்துக்குச் சேரும். 2020-ஆம் ஆண்டளவில் இந்தக் களத்தைப் பாட்கள் சூழ்ந்தன. எதிரி கண்ணில் பட்ட கணமே தலையில் சுடும் நிரல்கள் அவை. ஒரே அணியில் நான்கைந்து சேர்ந்துகொண்டு, வாக்களித்து மனித ஆட்டக்காரரை வெளியேற்றின. அரட்டைப் பகுதியை வசைகளால் நிரப்பின. உண்மையான ஆட்டக்காரரின் பெயரையே சூடிக்கொண்டு அவர்மீது பழி விழச் செய்தன.

ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள். 2022 மே மாதம் ஒன்றுதிரண்டு சமூக ஊடகத்தில் பெரும் இயக்கம் நடத்தினார்கள். "உங்கள் குரல் கேட்கிறது" என்ற பொருள்பட நிறுவனம் ஒரு வரி பதிலளித்தது. சில திருத்தங்கள் வந்தன. பாட்கள் மீண்டும் வந்தன. 2024 ஜூன் மாதம் நடந்த இரண்டாவது இயக்கத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அந்த மாத இறுதியில்தான் கணக்குகள் பெருமளவில் முடக்கப்பட்டன. களம் குறிப்பிடத்தக்க அளவு தூய்மையடைந்தது. முனைந்தபோது முடிந்தது என்றால், நான்கு ஆண்டுகள் முடியாமல் போனதற்குத் தொழில்நுட்பத்தை மட்டும் குறைசொல்ல முடியாது.

ஏன் இந்தத் தாமதம்? பொருளியல் இதற்கு நான்கு விடைகளைத் தருகிறது.

முதலாவது, தண்டனையின் விலை. கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1968-இல் குற்றத்தையும் தண்டனையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1992-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அவர் கூற்றின் சாரம் எளிது. குற்றம் செய்ய நினைப்பவர் இரண்டைப் பெருக்கிப் பார்க்கிறார்: பிடிபடும் வாய்ப்பு, பிடிபட்டால் இழப்பது எவ்வளவு. இலவச விளையாட்டில் இரண்டாவது எண் ஏறக்குறைய பூஜ்யம். கணக்கு முடக்கப்பட்டால் ஐந்து நிமிடத்தில் புதிய கணக்கு. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யமே. ஆகவே, "இத்தனை லட்சம் கணக்குகளை முடக்கினோம்" என்று நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கைகளை நான் ஐயத்துடனே படிக்கிறேன். ஒரே திருடனை நூறு முறை பிடித்து நூறு முறை விட்டுவிட்டு, நூறு திருடர்களைப் பிடித்ததாகக் கணக்குக் காட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை.

இரண்டாவது, பாட்டும் ஒரு தலைதான். எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்ற எண்ணிக்கையே விளையாட்டு நிறுவனத்தின் விளம்பரம். முதலீட்டாளர் பார்ப்பதும் அதைத்தான். பாட்களை அகற்றினால் அந்த எண்ணிக்கை குறையும். திருமண மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருப்பதாகக் காட்ட விரும்புபவர், அழையாமல் வந்து சாப்பிடுபவரை எழுப்பிவிடத் தயங்குவார் அல்லவா? ஏமாற்றுபவர் பணம் கொடுத்துப் பொருள் வாங்குபவராகவும் இருந்தால் தயக்கம் இரட்டிப்பாகும்.

மூன்றாவது, செலவு ஓரிடம், சேதம் வேறிடம். பாட்களைக் கண்டறியும் பணிக்குத் திறமையான பொறியாளர்கள் ஓயாமல் உழைக்க வேண்டும். அந்தச் செலவு நிறுவனத்தின் கணக்கில் விழுகிறது. நேர்மையாக விளையாடுபவரின் எரிச்சலும் வீணான மாலைப்பொழுதும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். இதுவும் அந்த வகையே. பல ஆண்டு உழைப்பில் சேர்த்த பொருள்களையும் நண்பர்களையும் விட்டு ஆட்டக்காரர் எளிதில் வெளியேற மாட்டார் என்பதும் நிறுவனத்துக்குத் தெரியும்.

நான்காவது, தவறாகத் தண்டித்துவிடும் அச்சம். இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அசாத்தியத் திறமை உள்ள சிறுவனையும் பாட்டையும் பிரித்தறிவது எப்போதும் எளிதன்று. வலை நெருக்கமானால் நிரபராதியும் சிக்குவார். அவருடைய முறையீட்டைக் கேட்க ஒரு மனிதர் வேண்டும், அதற்கும் செலவு. எனவே, வலையைத் தளர்த்தி வைப்பதே நிறுவனத்துக்கு மலிவான வழியாகத் தெரிகிறது.

ஆனால், அந்த மலிவு நீடிக்காது. இதை நான் விளையாட்டரங்கில் கற்கவில்லை; தேர்வுக் கூடத்தில் கற்றேன். பணிக்காலத்தில் பல ஆண்டுகள் பறக்கும் படையில் சென்றிருக்கிறேன். ஒரு தேர்வு மையத்தில் 'பிட்' அடிப்பதைக் கண்டும் காணாமல் விடுவது வழக்கமாகியிருந்தது. முதல் ஆண்டு சிலர்தான் எழுதினார்கள். மூன்றாம் ஆண்டு நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தியிடமிருந்தும் துண்டுச் சீட்டைக் கைப்பற்ற நேர்ந்தது. "சார், நான் எழுதலேன்னா என் ரேங்க் போயிடும்" என்று அவள் அழுதாள். கண்காணிப்பு தளரும்போது முதலில் பயனடைபவர் அயோக்கியர். இறுதியில் கெடுபவர் நல்லவர். பிறகு அந்த மையத்தின் மதிப்பெண்ணுக்கே மதிப்பில்லாமல் போயிற்று. பேரன் என்னிடம் முந்நூறு ரூபாய் கேட்டபோது எனக்கு அந்த மாணவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கியதும் இதுவே. நல்ல வண்டியையும் ஓட்டை வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார்; ஓட்டை வண்டிகளே எஞ்சும். எதிரில் இருப்பது மனிதரா நிரலா என்று தெரியாத களத்திலும் முதலில் விலகுபவர் நேர்மையானவரே.

மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் சான்று உண்டு. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டை நடத்துகிறது. அந்த உலகின் பொருளாதாரத்தைக் கவனிக்க 2007-இலேயே ஒரு பொருளியல் அறிஞரைப் பணியமர்த்திய நிறுவனம் அது. 2009 ஜூன் மாதம் ஒரே வீச்சில் சுமார் 6,200 கணக்குகளை முடக்கியது. பாட்களை வைத்து விளையாட்டுப் பணத்தைக் குவித்து, அதை மெய்ப்பணத்துக்கு விற்றவர்களின் கணக்குகள் அவை. மொத்தக் கணக்குகளில் அவை ஏறத்தாழ 2 சதவீதமே. ஆனால், கணினிகளின் சுமை சுமார் 30 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் தெரிவித்தது. மாதச் சந்தா கட்டும் கணக்குகளை இழக்க அந்த நிறுவனம் அஞ்சவில்லை. கையில் காசுள்ளவர் விளையாட்டு நேரத்தை வாங்கி, நேரமுள்ளவருக்கு விளையாட்டுப் பணத்துக்கு விற்கும் நேர்வழி ஒன்றையும் அதற்கு முன்பே திறந்துவிட்டிருந்தது. கள்ளச் சந்தையை ஒடுக்கத் தடியடி மட்டும் போதாது, நல்ல சந்தையும் வேண்டும் என்ற பாடத்தை அதில் காணலாம்.

இதுவரை சொன்னதில் இழப்பு பெரும்பாலும் நேரமும் மன அமைதியும்தான். மெய்ப்பணம் கட்டி ஆடும் களத்தில் கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும்? இணையப் போக்கர் ஆட்டத்தில் 2007, 2008-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'அப்சல்யூட் போக்கர்', 'அல்டிமேட் பெட்' மோசடிகள் இதற்கு விடை. எதிராளிகளின் மறைசீட்டுகளை நேரடியாகப் பார்க்கும் வசதி உள்ளிருப்போர் சிலரிடம் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது ஒழுங்குமுறை ஆணையமன்று, ஆடித் தோற்றவர்களே. ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் பதிவைத் திரட்டி, ஒரு கணக்கின் வெற்றி விகிதம் நிகழ்தகவுக்கே ஒவ்வாதது என்று புள்ளியியல் வழியே காட்டினார்கள். தளங்களுக்கு உரிமம் வழங்கிய, கனடாவில் உள்ள கானவாகே விளையாட்டு ஆணையம், ஒன்றுக்கு 5 லட்சம் டாலரும் மற்றொன்றுக்கு 15 லட்சம் டாலரும் அபராதம் விதித்தது. அல்டிமேட் பெட் தளத்தில் ஏமாற்றப்பட்டவர்களுக்குத் திருப்பித்தரப்பட்ட தொகை 2 கோடி டாலருக்கும் மேல். ஆனாலும், இரு தளங்களின் உரிமமும் பறிக்கப்படவில்லை. பெக்கரின் பெருக்கல் கணக்கை இங்கே வாசகரே போட்டுப் பார்க்கலாம்.

தமிழகத்துக்கு இது தொலைதூரக் கதையன்று. இணையவழிச் சூதாட்டத்தில் பணமிழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளை ஆண்டுக்கணக்கில் படித்தோம். நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட சட்டம், ஆளுநரால் ஒருமுறை திருப்பியனுப்பப்பட்டு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றபோது, இணைய ரம்மியில் சீட்டைக் கலைத்துப் போடுவது மென்பொருள், எதிரில் ஆடுவது பாட்டாகவும் இருக்கலாம் என்ற ஐயத்தை அரசுத் தரப்பு எழுப்பியது. போதிய சான்று இல்லை என்று கருதிய நீதிமன்றம், 2023 நவம்பரில், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளாகப் பட்டியலிட்ட பகுதியை நீக்கியது.

சான்று வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால், அந்தச் சான்று எங்கே இருக்கிறது? நிறுவனத்தின் கணினிக்குள். சீட்டு எப்படிக் கலைக்கப்பட்டது, எதிரில் ஆடியது யார் என்ற பதிவுகள் முழுவதும் ஒரே தரப்பின் கையில் இருக்க, ஐயப்படுபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பது சமமற்ற ஆட்டம். தராசைக் கடைக்காரரே வைத்திருக்கலாம். ஆனால், அதில் அரசு முத்திரை இருக்க வேண்டும். எடையளவைச் சட்டத்தில் நாம் ஏற்றுக்கொண்ட இந்த எளிய நெறி, இணைய விளையாட்டில் ஏன் பொருந்தக்கூடாது?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. மின் விளையாட்டுகளை ஊக்குவிக்கவும் அதே சட்டம் வழிசெய்கிறது. பண விளையாட்டைத் தடைசெய்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஊக்குவிக்கப்படும் விளையாட்டுகளில்தான் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். தென்கொரியா ஏமாற்று மென்பொருளை உருவாக்கி விற்பதையே குற்றமாக்கி, சிறைத் தண்டனைக்கு வழிவகுத்துள்ளது. அது கருவியை விற்பவரைத் தண்டிக்கிறது. கண்காணிக்கத் தவறும் நிறுவனத்தை யார் கேட்பது?

நான் கோருவன அதிகமில்லை. பாட் எதுவாயினும், அது பாட் என்று திரையில் தெரிய வேண்டும். இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏய்க்கும் 13 உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டது. நிரலை மனிதராகக் காட்டுவது அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. அதைப் பதினான்காவதாகச் சேர்க்கலாம். விளையாடுவோர் எண்ணிக்கையை விளம்பரப்படுத்தும் நிறுவனம், அதில் மனிதர் எத்தனை என்பதற்குச் சுதந்திரமான தணிக்கைச் சான்று தர வேண்டும். பணம் செலுத்திப் பொருள் வாங்கியவர், ஏமாற்றுக்காரர்களால் விளையாட இயலாமல் போனால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை வேண்டும். அந்த உரிமை வந்தாலே ஆட்டக்காரரின் இழப்பு நிறுவனத்தின் கணக்கேட்டில் ஏறிவிடும். முடக்கப்பட்டவரின் முறையீட்டை மனிதர் ஒருவர் கேட்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு; அதற்கு அரசு வேண்டாம். டீம் ஃபோர்ட்ரஸ் 2 பாட்களால் சீரழிந்த ஆண்டுகளிலும், ஆட்டக்காரர்கள் தாமே நடத்திய சேவையகங்கள் பெரிதும் தப்பித்தன. அங்கே தன்னார்வலர் ஒருவர் கண்காணித்தார். ஏமாற்றுபவரை அப்போதே வெளியேற்றினார். பொதுவளங்களை மக்களே காக்க முடியும் என்று காட்டி 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் வகுத்த நெறிகளில் ஒன்று, கண்காணிப்பவர் பயனாளிகளுக்குப் பதில்சொல்பவராக இருக்க வேண்டும் என்பது. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்ததும் அதுதான். கடைமடைக்கு நீர் போகவில்லையென்றால் ஊர் அவரைத்தான் கேட்கும்.

பேரனுக்கு நான் முந்நூறு ரூபாய் தரவில்லை. பிட் எழுதிய மாணவியின் கதையைச் சொன்னேன். "அப்ப நான் தோத்துக்கிட்டே இருக்கணுமா?" என்று மீண்டும் கேட்டான். உனக்குத் தெரிந்த, நம்பகமான பத்துப் பேர் சேர்ந்து தனியாக ஆடக்கூடாதா என்றேன். சற்று யோசித்தான். இப்போது வகுப்புத் தோழர்கள் எண்மர் ஞாயிறு மாலைகளில் தனி அறை அமைத்து ஆடுகிறார்கள். சுழற்சி முறையில் ஒருவர் ஆடாமல் நடுவராக இருக்கிறார். சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, மூன்று ஆட்டத்திலும் தோற்றுவிட்டதாகச் சொன்னான். குரலில் வருத்தம் இருந்தது, கசப்பு இல்லை.

நேர்மையாகத் தோற்பது ஒரு பயிற்சி. அதற்கு நேர்மையான களம் வேண்டும். எட்டுப் பிள்ளைகள் தமக்குள் அமைத்துக்கொண்ட நடுவரை, கோடிக்கணக்கானோர் விளையாடும் களத்தில் அமைத்துத் தருமாறு நிறுவனங்களையும் அரசையும் கேட்பது பேராசையாகாது.